சுரங்கத் தொழிலாளரின் முதுமைக்குக் காவல் நின்ற ஜான் எல். லூயிஸ்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவன்)

முன்னுரை

என் தந்தையார் நூற்பாலை ஒன்றில் 26 ஆண்டுகளாக வேலை பார்த்து வருபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள் எதுவானாலும் அது என் கைக்குத்தான் வந்து சேரும். சென்ற கோடை விடுமுறையில் அவருடைய பி.எப். கணக்கைக் கைப்பேசியில் திறந்து, மாதம் மாதமாகப் படித்துக் காட்டினேன். இவ்வளவு பணமும் இப்போது எங்கே இருக்கிறது, அதை யார் எதில் முதலீடு செய்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சங்கத் தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற அந்த ஒரு சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. தொழிலாளியின் முதுமைக்கால நிதியைத் தொழிற்சங்கமே ஆளும் நிலை வந்தால் என்ன ஆகும்? நன்மை விளையுமா, தீமை விளையுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் அமெரிக்க நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் எல். லூயிஸ் என்பவரின் வரலாறு எனக்குக் கிடைத்தது. நன்மை, தீமை இரண்டுமே அவர் ஒருவரின் வாழ்வில் அடங்கிக் கிடப்பதைக் கண்டு வியந்தேன். அவ்வரலாற்றை என் சிற்றறிவுக்கு எட்டியவரை சக மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல முயல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜான் லெவெலின் லூயிஸ் 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லூக்கஸ் என்னும் சுரங்க ஊர்ப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள். தந்தை தாமஸ் லூயிஸ் நிலக்கரி வெட்டும் தொழிலாளி. மகன் பிறந்து இரண்டாண்டு கழித்து, 1882இல் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் தந்தை கலந்துகொண்டார். அதற்குத் தண்டனையாக அவர் பெயர் முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அவ்வட்டாரத்தில் எந்தச் சுரங்கத்திலும் அவருக்கு வேலை இல்லை என்றாயிற்று. குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. சங்கம் சேர்ந்த குற்றத்துக்கு ஒரு குடும்பம் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை லூயிஸ் ஏட்டில் படித்து அறியவில்லை, வீட்டிலேயே கண்டார்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே அவரும் சுரங்கத்தில் இறங்கினார். 1907இல் மிர்ட்டா எடித் பெல் என்னும் பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் பனாமா என்ற சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்து, அவ்வூர்ச் சங்கக் கிளையின் தலைவரானார். 1911இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அவரைத் தம் சம்மேளனத்தின் அமைப்பாளராக நியமித்தார். நாடெங்கும் சுற்றும் வாய்ப்பு இதனால் கிட்டியது. அடர்ந்த புருவமும் சிங்கம் போன்ற தலையும் இடிபோன்ற குரலும் கொண்ட அவர் மேடையேறினால் கூட்டம் அசையாது நிற்கும்.

தலைமைப் பதவி

1917இல் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவரான லூயிஸ், 1920இல் தலைவரானார். 1960 வரை நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியை அவர் விட்டு இறங்கவில்லை. இந்த நாற்பது ஆண்டுகளையும் முழுமையாகச் சொல்ல இங்கு இடமில்லை. ஆயினும் அவருடைய குணத்தை அறிய இரண்டு செய்திகள் போதும்.

முதலாவது, அவர் பிறர் யோசனையைப் பொறுக்காதவர். 1920களில் சங்கத்துக்குள் தம்மை எதிர்த்தவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினார். மாவட்டக் கிளைகள் தாமே தேர்ந்தெடுத்த நிர்வாகிகளை நீக்கிவிட்டுத் தம் ஆட்களை நியமித்தார். சங்கம் என்றால் லூயிஸ், லூயிஸ் என்றால் சங்கம் என்ற நிலை உருவாயிற்று.

இரண்டாவது, அவர் தொழிலாளர் நலனுக்காக யாரையும் எதிர்க்கத் துணிந்தவர். 1935இல், கைத்திறன் உள்ளோரை மட்டுமே பெரிதும் போற்றிய பழைய சம்மேளனத்தோடு மோதி, கைத்திறன் பயிலாத ஆலைத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டும் சி.ஐ.ஓ. என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்தார். 1937இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும், அதை அடுத்து யு.எஸ். ஸ்டீல் நிறுவனமும் சங்கங்களை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டதில் அவர் பங்கு பெரிது. 1936 தேர்தலில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டுக்குத் துணை நின்ற அவரே 1940இல் அவரை எதிர்த்தார். ரூஸ்வெல்ட் வென்றதும் சொன்ன சொல்லைக் காக்க சி.ஐ.ஓ. தலைமையைத் துறந்தார். 1943இல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே சுரங்க வேலைநிறுத்தங்களை நடத்தினார். நாடு முழுதும் அவரைத் தூற்றியது. அவர் அசையவில்லை.

பிறர் சொல் கேளாத பிடிவாதம், யாருக்கும் அஞ்சாத துணிவு என்ற இவ்விரண்டு குணங்களுமே பின்னால் ஓய்வூதிய நிதியின் கதையை எழுதின.

1946: டன்னுக்கு 5 சென்ட்

அந்நாளில் நிலக்கரித் தொழிலாளியின் நிலை என்ன? சுரங்க நிறுவனமே ஊருக்கு உடைமையாளர். வீடு நிறுவனத்தினுடையது, கடை நிறுவனத்தினுடையது, மருத்துவரும் நிறுவனம் அமர்த்தியவரே. மருத்துவருக்கான பணம் மட்டும் தொழிலாளியின் கூலியில் பிடிக்கப்படும். கூரை இடிந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் மலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். கரித்தூளைச் சுவாசித்து நெஞ்சு அடைத்தவர்களுக்கு முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு தந்த தொகை வாழப் போதுமானதாக இல்லை.

லூயிஸ் புதியதொரு கோரிக்கையை வைத்தார். வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு சிறு தொகையை முதலாளிகள் தனி நிதியில் செலுத்த வேண்டும்; அந்நிதியிலிருந்து மருத்துவமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்பதே அது. கரி எரிந்து சாம்பலாகிவிடும். அதை வெட்டியவனின் உடலும் தேய்ந்துவிடும். ஆகவே கரியின் விலையிலேயே அவன் முதுமையின் செலவும் அடங்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

முதலாளிகள் மறுத்தனர். 1946 ஏப்ரல் 1ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரயில்களும் ஆலைகளும் மின்நிலையங்களும் கரியை நம்பியிருந்த காலம் அது. மே 21ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் சுரங்கங்களை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மே 29ஆம் நாள் உள்துறைச் செயலர் க்ரூக் என்பவரும் லூயிசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். டன்னுக்கு 5 சென்ட் வீதம் (100 சென்ட் ஒரு டாலர்) நலநிதி ஒன்று பிறந்தது. சுரங்க ஊர்களின் சுகாதார நிலையை ஆராயக் கடற்படை மருத்துவ அதிகாரி பூன் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. 1947இல் வெளியான அதன் அறிக்கை, அவ்வூர்களின் குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் ஆகியவற்றின் சீர்கேட்டை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது.

வெற்றி எளிதில் நிலைக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் வேலை நின்றது. நீதிமன்றத் தடையை மீறியதற்காக நீதிபதி கோல்ட்ஸ்பரோ சங்கத்துக்கு 35 லட்சம் டாலரும் லூயிசுக்கு 10,000 டாலரும் அபராதம் விதித்தார். 1947 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சங்கத்தின் அபராதத்தை மட்டும், உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற நிபந்தனையோடு, 7 லட்சமாகக் குறைத்தது. அதே மார்ச் மாதத்தில் இல்லினாயின் சென்ட்ரேலியா சுரங்க வெடிவிபத்தில் 111 பேர் மாண்டனர். நலநிதி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதைவிடக் கொடிய விடை வேறு வேண்டுமோ?

மூன்று நாற்காலிகள்

பணம் வரும் வழி திறந்தது. அதை ஆள்வது யார்? இதுதான் உண்மையான போராட்டம்.

1947 ஜூலை ஒப்பந்தத்தில் தொகை டன்னுக்கு 10 சென்ட் ஆயிற்று. நிதிக்கு மூன்று அறங்காவலர்கள். ஒருவர் சங்கத்தின் சார்பில்; ஒருவர் முதலாளிகளின் சார்பில்; மூன்றாமவர் நடுநிலையாளர். சங்கத்தின் நாற்காலியில் லூயிசே அமர்ந்தார்.

அறங்காவலர் என்றால் நமக்குக் கோயில் நினைவுக்கு வரும். கோயில் நிலம் சாமிக்குச் சொந்தம்; தர்மகர்த்தா அதைக் காப்பவர், அவ்வளவே. தம் வீட்டுத் திருமணத்துக்கோ, தம் கட்சிக்கோ அதை அவர் பயன்படுத்தலாகாது. ஓய்வூதிய நிதியில் சாமியின் இடத்தில் இருப்பவர் முதிய தொழிலாளியும் அவர் விதவையும்தான்.

சங்கத் தலைவர் ஒருவர் கையில் இவ்வளவு பணம் சேர்வதைக் கண்டு அமெரிக்கப் பாராளுமன்றத்தில் பலர் அஞ்சினர். 1947இல் நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தனர். இத்தகைய நிதி தொழிலாளர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் நன்மைக்கு மட்டுமே உரிய அறக்கட்டளையாக இருக்க வேண்டும். அதன் நிர்வாகத்தில் முதலாளி தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம இடம் வேண்டும் என்பது அப்பிரிவு. லூயிசை மனத்தில் வைத்து எழுதிய இப்பிரிவை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாளிகளின் அறங்காவலர் வான் ஹார்ன் என்பவர், லூயிஸ் கேட்ட ஓய்வூதியத்தை நிதி தாங்காது என்று மறுத்தார். நடுநிலையாளர் தாமஸ் மர்ரி 1948 தொடக்கத்தில் விலகிக்கொண்டார். பணம் இருந்தும் ஒரு கிழவருக்கும் ஒரு காசு போய்ச் சேரவில்லை. மார்ச் மாதம் தொழிலாளர் மீண்டும் சுரங்கத்தைவிட்டு வெளியேறினர். ஏப்ரலில் செனட்டர் ஸ்டைல்ஸ் பிரிட்ஜஸ் நடுநிலை அறங்காவலரானார். அவரும் லூயிசும் சேர்ந்து, 62 வயது நிரம்பி 20 ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவருக்கு மாதம் 100 டாலர் என்று முடிவு செய்தனர். மூன்றில் இரண்டு பேர் சம்மதம் போதும். வான் ஹார்ன் வழக்குத் தொடுத்தார். லூயிசுக்கு அபராதம் விதித்த அதே நீதிபதி கோல்ட்ஸ்பரோ, இம்முறை ஓய்வூதியம் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தார். 1948ஆம் ஆண்டிலேயே முதியவர்களின் கைக்கு முதல் காசோலைகள் போய்ச் சேர்ந்தன.

இதன் எதிரொலி மற்றத் தொழில்களிலும் கேட்டது. 1949இல் மோட்டார் தொழிலாளர் சங்கம், வால்டர் ராய்தர் தலைமையில், ஃபோர்டு நிறுவனத்திடம் ஓய்வூதிய ஒப்பந்தம் பெற்றது. அரசின் தொகையையும் சேர்த்து மாதம் 100 டாலர் என்பதே அங்கும் இலக்கு. லூயிஸ் வகுத்த பாதையில் பிற சங்கங்களும் நடந்தன என்றால் மிகையாகாது.

நிதி செய்த நன்மை

1948இல் டன்னுக்கு 20 சென்ட், 1950இல் 30, 1952இல் 40 என்று தொகை உயர்ந்தது. நிதியின் ஆண்டு வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியது. அதைக்கொண்டு செய்த பணிகள் போற்றத்தக்கவை.

மலைக் குடிசைகளில் கிடந்த முடமானவர்களை நிதியின் ஆட்கள் தேடிச் சென்றனர். அவர்களை இரயிலேற்றி நியூயார்க், கலிபோர்னியா முதலிய இடங்களின் மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். இனி எழவே மாட்டார் என்று கைவிடப்பட்டவர்களில் பலர் நடந்து வீடு திரும்பினர். நல்ல மருத்துவமனை இல்லாத கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் நிதியே பத்து மருத்துவமனைகளைக் கட்டியது. ஹார்லன், ஹசார்ட், பெக்லி, வைஸ் முதலிய ஊர்களில் எழுந்த இவை 1956இல் திறந்து வைக்கப்பட்டன. சுரங்கத்தில் மாண்டவரின் விதவைக்கு உதவித்தொகை கிடைத்தது. டன் ஒன்றுக்குச் சில சென்ட் என்று சேர்ந்த காசு இத்தனையும் செய்தது.

ஆயினும் நிதியின் அடித்தளத்தில் ஒரு குறை இருந்தது. இந்த ஆண்டு வெட்டிய கரியின் காசு இந்த ஆண்டே ஓய்வூதியமாகச் செலவாகிவிடும். எத்தனை பேர் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார்கள் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற முதலைச் சேர்த்து வைக்கும் முறை அங்கே இல்லை. 1949இல் லூயிஸ் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று உத்தரவிட்டார். வெட்டிய கரி குறைந்தது. முதலாளிகள் சிலர் செலுத்த வேண்டிய தொகையையும் நிறுத்தினர். செப்டம்பரில் ஓய்வூதியமே நின்றுபோயிற்று. 1950 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. அதிலிருந்து முழுப் பாடத்தையும் கற்றதாகத் தெரியவில்லை.

வங்கியில் உறங்கிய பணம்

1950 ஒப்பந்தத்தின்படி நடுநிலை அறங்காவலர் நாற்காலிக்கு வந்தவர் ஜோசபின் ரோச் அம்மையார். கொலராடோவில் தம் தந்தையிடமிருந்து கிடைத்த சுரங்க நிறுவனத்தில், மற்ற முதலாளிகள் பகைத்தபோதும், 1928இல் சங்கத்தை வரவேற்று ஒப்பந்தம் செய்துகொண்ட நல்லவர். ரூஸ்வெல்ட் ஆட்சியில் நிதித்துறையின் உதவிச் செயலராக இருந்தவர். அவருடைய நேர்மையை ஐயுற இடமில்லை. ஆனால் அவர் லூயிசின் நெடுநாள் நண்பர். அவர்மீது பெருமதிப்பு வைத்திருந்தவர். அதோடு நிதியின் இயக்குநரும் அவரே. லூயிஸ் ஒன்று சொன்னால் ரோச் மறுப்பதில்லை. நடுநிலை நாற்காலியில் ஆள் இருந்தார், நடுநிலைதான் இல்லை. மூன்று பேரில் இரண்டு பேர் சம்மதம் போதும் என்ற விதியால், நிதி முழுவதும் லூயிசின் சொல்லுக்கு ஆடியது.

இங்கேதான் முதலீட்டுக் கேள்வி எழுகிறது. 1949இல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தலைநகரில் இருந்த நேஷனல் பாங்க் ஆஃப் வாஷிங்டன் என்னும் வங்கியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அந்த வங்கியில் ஓய்வூதிய நிதியின் பெருந்தொகை வட்டி இல்லாத நடப்புக் கணக்கில் கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல; ஏறத்தாழ இருபது ஆண்டுகள். கோடிக்கணக்கான டாலர் வட்டி இல்லாமல் உறங்கியது. அப்பணத்தை வங்கி வேறிடத்தில் கடன் கொடுத்து ஆதாயம் பெற்றது. வங்கியின் ஆதாயம் அதன் உடைமையாளரான சங்கத்துக்குப் போயிற்று. முதியவர்களுக்குச் சேரவேண்டிய வட்டி வேறு ஒருவர் களஞ்சியத்தில் விழுந்தது என்பதே இதன் பொருள்.

இன்னொன்றும் நடந்தது. க்ளீவ்லாந்து, கன்சாஸ் சிட்டி ஆகிய நகரங்களின் மின்சார நிறுவனங்களில் நிதியின் பணத்தைக்கொண்டு பங்குகள் வாங்கப்பட்டன. நல்ல ஆதாயம் வரும் என்பது இதன் முதல் நோக்கமன்று. பங்குதாரர் என்ற முறையில் அந்நிறுவனங்களை வற்புறுத்தி, சங்கத் தொழிலாளர் வெட்டிய கரியையே வாங்கச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். தொழிலதிபர் சைரஸ் ஈட்டன் இதில் லூயிசுக்குத் துணை நின்றார்.

லூயிசின் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கக் கரி அதிகம் விற்றால் டன்னுக்கு 40 சென்ட் வீதம் நிதிக்கும் வருமானம் கூடும் அல்லவா? சங்கம் வலுவாக இருந்தால்தானே அடுத்த ஒப்பந்தத்தில் தொகை உயரும்? அவர் கணக்கு இதுவாக இருக்கலாம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பது நம் பழமொழி. லூயிஸ் தமக்கென்று நக்கவில்லை. ஆனால் கிழவர்களின் தேனைச் சங்கத்தின் குடத்தில் ஊற்றி வைத்தார். இரண்டும் ஒரே குடம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் பிழை. இன்று வேலை செய்யும் தொழிலாளிக்குச் சங்கத்தில் வாக்கு உண்டு. ஓய்வு பெற்றவருக்கும் விதவைக்கும் கேட்க நாதி இல்லை. இருவர் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இறுதிக் காலம்

1950களில் எண்ணெயும் எரிவாயுவும் கரியின் சந்தையைப் பிடித்தன. சுரங்கங்களில் இயந்திரங்கள் நுழைந்தன. கூலி உயர்ந்தால் சரி, ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று லூயிஸ் இயந்திரங்களை எதிர்க்கவில்லை. 1950இல் 4 லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 1960இல் 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. டன் குறைந்தது, கை நீட்டுவோர் பெருகினர்.

நிதி சுருங்கவே விதிகள் இறுகின. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 30 ஆண்டுகளுக்குள் 20 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதியால், இளமை முழுதும் உழைத்து இடையில் உடல் கெட்டோ வேலை போயோ நின்றவர்கள் தள்ளப்பட்டனர். வேலை இழந்தோரின் மருத்துவ அட்டைகள் பறிக்கப்பட்டன. ஓய்வூதியம் 100 டாலரிலிருந்து 75 ஆகக் குறைந்தது. 1962இல் மருத்துவமனைகளை இனி நடத்த இயலாது என்று நிதி அறிவித்தது. பின்னர் அவை வேறோர் அமைப்புக்கு விற்கப்பட்டன. கிழக்குக் கென்டக்கியில் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகச் சுரங்க வாயில்களை மறித்துக் கிளர்ச்சி செய்தனர். இவை அனைத்தும் நடந்த அதே ஆண்டுகளில் வங்கியில் பணம் வட்டியின்றி உறங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1960இல் லூயிஸ் சங்கத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அறங்காவலர் நாற்காலியை விடவில்லை. 1969 ஜூன் 11ஆம் நாள், 89ஆம் வயதில், வாஷிங்டனில் காலமானார். இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

தீர்ப்பு

லூயிசின் அறங்காவலர் நாற்காலிக்கு வந்தவர், அப்போது சங்கத் தலைவராக இருந்த டோனி பாயில். அவ்வாண்டு சங்கத் தேர்தலில் யாப்லான்ஸ்கி என்பவர் அவரை எதிர்த்து நின்றார். பொறுப்பேற்ற சில நாட்களிலேயே பாயில் ஓய்வூதியத்தை 115 டாலரிலிருந்து 150 ஆக உயர்த்தச் செய்தார். முதியவர்களின் வாக்கைப் பெறும் நோக்கம் அதில் தெரிந்தது. தேர்தல் முடிந்து, 1969இன் கடைசி நாளில் யாப்லான்ஸ்கியும் மனைவியும் மகளும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொலைக்குப் பின்னால் பாயில் இருந்தார் என்று பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமாகி, அவர் சிறைத்தண்டனைக் காலத்திலேயே மாண்டார். லூயிஸ் எதிர்ப்பில்லாத நாற்காலியை உருவாக்கினார். அதில் பிறகு யார் வந்து அமர்வார் என்பது அவர் கையில் இல்லை.

இதற்கிடையில் ஓய்வு பெற்ற தொழிலாளரும் விதவைகளும் ஒன்றுகூடி 1969இல் வழக்குத் தொடுத்தனர். பிளாங்கன்ஷிப் எதிர் பாயில் என்று அவ்வழக்கு பெயர் பெற்றது. 1971இல் நீதிபதி கெசல் தீர்ப்பளித்தார். அறங்காவலர் என்பவர் பயனாளியின் நலனை மட்டுமே நோக்க வேண்டும். சங்கத்துக்கோ வங்கிக்கோ நன்மை தேடுவது நம்பிக்கை மீறல் என்று அவர் முடிவு செய்தார். வட்டியில்லாக் கணக்கும், மின் நிறுவனப் பங்குகளும் தவறு என்று தீர்ந்தன. பாயிலும் ரோச் அம்மையாரும் அறங்காவலர் பதவியிலிருந்து விலக்கப்பட்டனர். இழப்பீடாக 1 கோடி டாலருக்கும் மேல் நிதிக்கு வந்து சேர்ந்தது. 1947இல் லூயிசை அஞ்சி எழுதிய சட்டம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, கேட்க அவர் உயிரோடு இல்லை. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தவர்களோ முதலாளிகள் அல்லர். அவர் யாருக்காக நிதியை உண்டாக்கினாரோ அந்தக் கிழவர்களே.

1972இல் நடந்த மறுதேர்தலில் பாயிலைத் தோற்கடித்து ஆர்னால்டு மில்லர் என்னும் சுரங்கத் தொழிலாளி தலைவரானார். 1974இல் எரிசா என்று சுருக்கமாக வழங்கும் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. பயனாளியின் நலன் ஒன்றே குறிக்கோள் என்பதைத் தனியார் ஓய்வூதிய நிதிகள் அனைத்துக்கும் அது விதியாக்கியது. கரித் தொழில் மேலும் தளர்ந்தபோது, அச்சங்கத்தின் ஓய்வூதியத் திட்டம் வற்றாமல் இருக்க, 2019இல் அரசுப் பணத்தைக் கொடுத்து உதவும் சட்டம் ஒன்றும் நிறைவேறியது.

முடிவுரை

ஆகவே லூயிசை நாம் எப்படி மதிப்பிடுவது? அவர் இல்லாவிட்டால் நிதியே இல்லை, மருத்துவமனைகளும் இல்லை. முதலாளி இரங்கிக் கொடுக்கும் தருமமாக இருந்ததை உழைத்தவனின் உரிமையாக மாற்றியவர் அவர். அந்தப் பணத்தை ஆளும் மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி வாங்கித் தந்தவரும் அவரே. அந்தப் புகழை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்த தம்மையே கேள்வி கேட்க அவர் யாரையும் விடவில்லை. அவர் செய்த பிழை அதுதான்.

நம் நாட்டிலும் நிலக்கரித் தொழிலாளருக்கு 1948இலும், ஆலைத் தொழிலாளர் முதலியோருக்கு 1952இலும் வைப்பு நிதிச் சட்டங்கள் வந்தன. நம் பி.எப். நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் அரசு, முதலாளிகள் ஆகியோரோடு தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கிறார்கள். அந்த இடம் தேவை. அதை விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் இடம் இருப்பதோடு கடமை முடிவதில்லை. பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வட்டி ஈட்டுகிறது என்று கேட்கும் தொழிலாளியும் வேண்டும்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது என் தந்தையாருக்கு இதைச் சொன்னேன். வட்டியில்லாமல் இருபது ஆண்டு என்றதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் கணக்கை மறுபடி ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். இம்முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்பதற்கு இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தரும்படியும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் கற்ற எழுத்து, நமக்காக உழைத்தவர்களின் கணக்கை அவர்களுக்குப் படித்துச் சொல்லவும் பயன்படட்டும்.